மதுரையில் கிரானோலா நமுத்துப்போகாமல் செய்வது எப்படி?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். ஒரு வெளிநாட்டுச் செய்முறையைப் பார்த்து வீட்டில் கிரானோலா (ஓட்ஸும் கொட்டையும் இனிப்புப் பாகில் கலந்து மொறுமொறுவென்று சுடுகிற காலை உணவு) செய்தேன். மேப்பிள் சிரப் (மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சிய பாகு) ஊற்றச் சொல்லியிருந்தார்கள். இல்லாததால் அதே அளவு தேன் ஊற்றினேன். அரை மணி நேரம் கழித்து ஓடிஜியிலிருந்து (வீட்டுச் சின்ன மின்சார ஓவன்) எடுத்தால் மெத்தென்று இருந்தது. இன்னும் பதினைந்து நிமிடம் வைத்தேன், கருகி, திராட்சையெல்லாம் கசந்துவிட்டது. இரண்டாவது முறை நன்றாக வந்தது, ஆனால் இரண்டே நாளில் டப்பாவில் நமுத்துவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன்? ஊரில் அம்மாவிடம் ஓவன் கிடையாது, அடுப்பிலேயே செய்ய முடியுமா? ஓட்ஸுக்குப் பதில் அவல் போடலாமா?

பதில்:

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் நான் செய்ததை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அதே மேப்பிள் சிரப், அது கிடைக்காவிட்டால் என்ன, தேன் இருக்கிறதே என்ற அதே தைரியம். இப்போது வீட்டிலேயே மாதத்துக்குப் பதினைந்து கிலோ வரை போட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். அதற்குள் எத்தனை தட்டு குப்பைக்குப் போனது என்பதை என் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

மெத்தென்று இருந்தது, கருகியது, நமுத்தது என்று மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள். மூன்றிலும் உங்கள் காலை வாரிவிட்டது அந்தத் தேன்தான். அதை முதலில் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும்.

நான் முதன்முதலில் தேன் ஊற்றிச் செய்த கிரானோலாவை என் அத்தை (மாமியாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு வாய் போட்டுவிட்டு, "ஏத்தா, பாகு முத்தலையா?" என்று கேட்டார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். கிரானோலா என்ற பெயரைக்கூட அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எள்ளுருண்டையும் பொரிவிளங்காய் உருண்டையும் பிடித்துப் பிடித்துப் பழகிய கை. எனக்கு அப்போது அந்தக் கேள்வி புரியவில்லை. பாகே காய்ச்சவில்லையே, முத்துவது எங்கே? பிறகுதான் உறைத்தது. கிரானோலாவும் பாகுப் பலகாரம்தான். பாகை அடுப்பில் முற்றவிடுவதற்குப் பதில் ஓவனுக்குள் ஓட்ஸின் மேலேயே முற்றவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடலைமிட்டாயை ஒடித்தால் டக்கென்று ஒடிகிறது. பாகில் இருந்த தண்ணீர் கிட்டத்தட்ட முழுதும் போய், சர்க்கரை கண்ணாடி மாதிரி இறுகி நிற்பதால் வருகிற சத்தம் அது. கிரானோலாவின் மொறுமொறுப்பில் பாதி இந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது, மீதிப் பாதி ஓட்ஸும் கடலையும் ஈரம் போக வறுபடுவதால் வருகிறது. பாக்கெட்டில் வருகிற ஓட்ஸிலேயே பத்து சதவீதம் போல ஈரம் உண்டு. அது இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறங்கினால்தான் பல்லில் சத்தம் கேட்கும்.

இந்தச் சர்க்கரைக் கண்ணாடி எவ்வளவு சூடு வரை கண்ணாடியாக இருக்கும் என்பது அது எந்தச் சர்க்கரை என்பதைப் பொறுத்தது. நாம் கடையில் வாங்குகிற சீனி முழுக்க சுக்ரோஸ். தண்ணீர் சுத்தமாகப் போன சுக்ரோஸ் 60 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்கும். குளுக்கோஸ் 31 டிகிரியிலேயே இளகிவிடும். ஃபிரக்டோஸுக்கு 5 டிகிரி போதும். தேனில் ஏறக்குறைய 38 சதவீதம் ஃபிரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ், 17 சதவீதம் தண்ணீர். சுக்ரோஸ் பேருக்குத்தான் இருக்கும். இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரையில் 38, 40 டிகிரி அடிக்கும். அந்தச் சூட்டில் தேன் பூசிய ஓட்ஸ் எப்படி இறுகி நிற்கும்? குளிர்தேசத்துச் சமையலறையில் அதே தேன் கிரானோலா ஓரளவு சமாளித்துவிடும். இங்கே முடியாது. போதாக்குறைக்கு ஃபிரக்டோஸ் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்கிற குணம் உள்ளது. இரண்டே நாளில் டப்பாவில் நமுத்தது இதனால்தான்.

மேப்பிள் சிரப் வேறு வகை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் சுக்ரோஸ். அதற்கு நம்மிடம் இருக்கிற நெருங்கிய சொந்தம் தேன் இல்லை, இளம் வெல்லப்பாகு. வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான்.

கருகியதற்கும் இதே காரணம். ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் சீனியை விடச் சீக்கிரம் சிவக்கும். உள்ளே ஈரம் போவதற்குள் மேலே நிறம் ஏறிவிடும். நிறத்தைப் பார்த்துப் பயந்து வெளியே எடுத்தால் உள்ளே ஈரம், ஈரம் போகட்டும் என்று விட்டால் கசப்பு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை அரை மணி நேரத்தில் எடுத்தபோது மெத்தென்று இருந்தது என்றீர்களே, சரியான பதத்தில் எடுத்தாலும் சுடச்சுட அப்படித்தான் இருக்கும். சூட்டில் சர்க்கரை இளகித்தான் இருக்கும், ஆறினால்தான் கண்ணாடியாகும். முறுக்கு மாதிரி எண்ணெயிலிருந்து எடுத்ததுமே சோதிக்கிற பண்டம் இல்லை இது. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறோமே, அதே யோசனையை இங்கேயும் செய்யுங்கள். முப்பதாவது நிமிடத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து எவர்சில்வர் தட்டில் பரப்பி, மூன்று நிமிடம் ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். ஒடிந்தால் முழுத் தட்டையும் எடுத்துவிடலாம். வளைந்தால் இன்னும் ஐந்து நிமிடம் விட்டு மறுபடி இதே சோதனை.

சரி, செய்முறைக்கு வருவோம். நான் ஒரு தடவைக்குப் போடுகிற அளவு இது.

ரோல்டு ஓட்ஸ் 300 கிராம். பச்சை நிலக்கடலை தோலோடு 100 கிராம், ஒன்றிரண்டாக உடைத்தது. முந்திரி அல்லது பாதாம் 50 கிராம். பூசணி விதை, வெள்ளரி விதை இரண்டும் சேர்த்து 50. வெள்ளை எள் 25. வெல்லம் 100 கிராம், அதைக் கரைக்க மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர். தேங்காய் எண்ணெய் 60 மில்லி. உப்பு முக்கால் டீஸ்பூன், சுக்குப் பொடி அரை டீஸ்பூன், நாலு ஏலக்காய் தட்டியது. உலர்திராட்சை 60 கிராம், ஆனால் அது கடைசியில்தான். எல்லாம் சேர்த்து எழுநூறு கிராம் கிடைக்கும்.

ஓட்ஸில் ஏமாந்துவிடாதீர்கள். உடனடி ஓட்ஸ், மூன்று நிமிட ஓட்ஸ் என்று வருவதெல்லாம் மெல்லிசாக நசுக்கியது. கஞ்சிக்கு நல்லது, இதற்கு ஆகாது. பாகு பட்டதும் ஊறி, ஓவனில் ஓரமெல்லாம் தூளாகிக் கருகும். முழு ஓட்ஸை ஆவியில் வேகவைத்துத் தடிமனாக உருட்டி எடுத்ததுதான் ரோல்டு ஓட்ஸ்; செதில் முழுசாக இருக்கும். மற்ற சாமான்களை நான் கீழமாசி வீதியில் மொத்தக் கடைகளில் வாங்குகிறேன். சின்னப் பாக்கெட்டில் விதை வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. வாங்கும்போது ஒரு முந்திரியையும் ஒரு பூசணி விதையையும் கடித்துப் பாருங்கள். லேசாகச் சிக்கு வாடை வந்தால் வேண்டாம். வறுத்தால் போய்விடும் என்று கடைக்காரர் சொல்லுவார், போகாது.

வெல்லத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. தட்டினால் உடைகிற, காய்ந்த வெல்லமாக வேண்டும். மழைக்காலத்தில் சில வெல்லம் தானாகக் கசிந்து ஒட்டும். அதில் ஈரம் இழுக்கிற சர்க்கரை கூடுதலாக இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி மணத்துக்கு இணை கிடையாதுதான், ஆனால் நான் முழுக்கக் கருப்பட்டியில் போட்ட இரண்டு முறையும் நிறம் தெரியாமல் தீய்த்துவிட்டேன். ஆரம்பத்திலேயே கறுப்பாக இருப்பதை எப்போது சிவந்தது என்று கண்டுபிடிப்பது? பாதி வெல்லம், பாதி கருப்பட்டி என்றால் சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் நான் 100 கிராமில் 30 கிராமுக்கு வெள்ளைச் சீனி போடுவேன். சீனியா என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் மழை நாளில் அந்த 30 கிராம் செய்கிற வேலையை வேறெதுவும் செய்யாது.

தேன் வாசனை இல்லாமல் முடியாது என்றால் மொத்த இனிப்பில் கால் பங்கு மட்டும் தேனாக இருக்கட்டும். சூட்டையும் பத்து டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், கல்லும் தூசியும் நிச்சயம் இருக்கும். வடிகட்டியதை மறுபடி அடுப்பில் வைத்து, எண்ணெயும் உப்பும் சேர்த்து இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். கம்பிப் பதமெல்லாம் பார்க்க வேண்டாம், முற்றுகிற வேலையை ஓவன் பார்த்துக்கொள்ளும். இறக்கிச் சுக்கும் ஏலமும் போட்டு, ஓட்ஸ், கடலை, விதைகளின் மேல் ஊற்றிக் கிளறுங்கள். ஒரு செதில்கூட வெள்ளையாக நிற்கக் கூடாது. எண்ணெயைக் குறைத்தால் உடம்புக்கு நல்லது என்று சிலர் இரண்டு ஸ்பூனோடு நிறுத்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் மொறுமொறுப்புக்குப் பதில் வறட்டு முறுமுறுப்பு வரும், தொண்டையில் அடைக்கும். சூட்டை ஒவ்வொரு செதிலுக்கும் ஒரே மாதிரி கொண்டுபோய்ச் சேர்ப்பது எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் பிடிக்காதவர்கள் நெய் ஊற்றலாம், கடலெண்ணெயும் பரவாயில்லை. நல்லெண்ணெய் எள்ளோடு பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது, வீட்டில் யாரும் தொடவில்லை.

கட்டி கட்டியாக வர வேண்டுமா, உதிரியாக வர வேண்டுமா என்பதை இந்த இடத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். கட்டி வேண்டுமென்றால் மூன்று டேபிள்ஸ்பூன் ஓட்ஸை மிக்ஸியில் பொடித்துக் கலவையில் தூவுங்கள், அது பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். முட்டை சேர்க்கிற வீடாக இருந்தால் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலக்கலாம். ஆனால் பாகின் சூடு குறைந்த பிறகு, இல்லாவிட்டால் வெந்து திரிந்துவிடும். அப்புறம் தட்டில் பரப்பிக் கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாக அமுக்கிவிடுங்கள், ஓவனுக்குள் போன பிறகு கிளறாதீர்கள். உதிரியாக வேண்டுமென்றால் அமுக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். நடுவில் கிளறிக்கொண்டே இருந்துவிட்டு, கட்டியே வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

ஓடிஜியை 150 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். மேலும் கீழும் இரண்டு கம்பியும் எரியட்டும், தட்டு நடு அடுக்கில் இருக்கட்டும். பட்டர் பேப்பர் விரித்து, கலவையை அரை அங்குலத்துக்கு மேல் கனம் போகாமல் பரப்புங்கள். நம் வீட்டுச் சின்ன ஓடிஜியில் இந்த அளவை ஒரே தட்டில் அடைத்தால் வறுபடாது, அதன் ஆவியிலேயே அது வெந்து கஞ்சி வாடை அடிக்கும். இரண்டு தடவையாகப் போடுங்கள். இருபதாவது நிமிடத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். சின்ன ஓவன்களில் உள்பக்க மூலை எப்போதும் கூடுதலாகக் காயும். முப்பதிலிருந்து நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூடுதல் குறைச்சல் ஓவனைப் பொறுத்தது. குமிழில் 150 என்று போட்டிருந்தாலும் உள்ளே 170 இருக்கலாம். என் பழைய ஓடிஜி அப்படித்தான் ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்த பிறகுதான் பல மர்மங்கள் விளங்கின. அது இல்லாவிட்டால் மூக்கை நம்புங்கள். கடலை வறுபடும் வாசனை வீடு முழுக்க வந்து, ஓரம் பொன்னிறமாகி நடு சற்று வெளுப்பாக இருக்கும்போது எடுப்பது சரி. வெளியே வந்த பிறகும் தட்டின் சூட்டில் இன்னும் கொஞ்சம் நிறம் ஏறும்.

கடலை, பாதாமெல்லாம் பச்சையாகவே உள்ளே போகட்டும். வறுத்ததைப் போட்டால் இரண்டாவது முறை வறுபட்டுக் கசக்கும். தேங்காய்ச் சீவல் போடுவதானால் கடைசிப் பத்து நிமிடத்தில் தூவுங்கள். பொட்டுக்கடலையும் திராட்சையும் முழுக்க ஆறிய பிறகு. திராட்சை ஓவனுக்குள் போனால் நீங்கள் பார்த்தபடி கரித்துண்டாகும்.

திராட்சையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதற்குள் பதினைந்து சதவீதத்துக்குக் குறையாமல் ஈரம் உண்டு. காய்ந்த கிரானோலாவோடு ஒரே டப்பாவில் அடைத்தால் அந்த ஈரம் மெல்ல ஓட்ஸுக்குப் போகும். திராட்சை கல்லாகும், ஓட்ஸ் நமுக்கும். ஆகவே நான் திராட்சையைத் தனிப் பொட்டலமாகவே கொடுக்கிறேன், சாப்பிடும்போது தூவிக்கொள்ளச் சொல்லி. முதலில் அலுத்துக்கொண்ட வாடிக்கைக்காரர்கள்கூட இப்போது கேட்டு வாங்குகிறார்கள்.

ஆறவைப்பதில்தான் நான் பெரிதாக அடிபட்டேன். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், வெளியே விடாத மழை. ஆறு கிலோ ஆர்டர். அவசரத்தில் கை பொறுக்கிற சூடு வந்ததுமே கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். மறுநாள் கவரின் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அத்தனையும் திரும்பி வந்தது. பிறகு கண்டுபிடித்த வழி இது: வெயில் நாளிலும், ஆடிக் காற்று வீசுகிற நாளிலும் தட்டை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் தொடாமல் விட்டால் போதும். மழை நாளில் வெளியே ஆறவைத்தால் சூடு இறங்க இறங்கக் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். அப்போது ஓவனை அணைத்துவிட்டு, கதவை ஒரு கரண்டி நுழைகிற அளவு திறந்து, உள்ளேயே ஆறவிடுங்கள். ஓவனின் மிச்சச் சூடு கடைசி ஈரத்தையும் எடுத்துவிடும். அப்படி விடுவதாக இருந்தால் ஐந்து நிமிடம் முன்னதாகவே அணைத்துவிடுங்கள்.

ஆறியதும் கட்டிகளாக உடைத்து இறுக்கமான சம்படத்திலோ கண்ணாடி பாட்டிலிலோ போடுங்கள். ஒரே பெரிய டப்பாவைத் தினமும் திறந்து மூடினால் ஒவ்வொரு தடவையும் புதுக் காற்று உள்ளே போகிறது. நாலு சின்ன பாட்டிலாகப் பிரித்தால் ஒன்று மட்டும்தான் அடிபடும். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். எடுத்துத் திறந்ததும் குளிர்ந்த கிரானோலா மேல் ஈரம் படியும். மூன்று வாரம் தாராளமாக இருக்கும். அதற்கு மேல் மொறுமொறுப்பு இருந்தாலும் கடலையும் விதையும் நம் ஊர்ச் சூட்டில் சிக்கு வாடைக்குத் திரும்பிவிடும்.

இப்போது உங்களிடம் நமுத்துப்போய் இருக்கிறதே, அதைக் கொட்டிவிடாதீர்கள். திராட்சையைப் பொறுக்கி எடுத்துவிட்டு 120 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்து, ஆறவிடுங்கள். திரும்பி வரும். தேன் கலந்தது என்பதால் இரண்டு நாளில் மறுபடி நமுக்கும், அதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். இப்படி இரண்டாவது முறை சுடுவது ஒன்றும் குறுக்குவழி இல்லை. கிரானோலாவின் முன்னோடி அப்படித்தான் பிறந்தது. 1863-இல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில் என்ற ஊரில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் தவிடு நீக்காத கோதுமை மாவைத் தகடாகச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டு, 'கிரானுலா' என்று பெயர் வைத்தார். ராத்திரியே பாலில் ஊறப்போட்டால்தான் காலையில் கடிக்க முடியுமாம். அதே மாதிரி ஒன்றை ஜான் ஹார்வி கெல்லாக்கும் செய்து அதே பெயரில் கொடுக்க, தகராறாகி, அவர் ஓர் எழுத்தை மாற்றி 'கிரானோலா' ஆக்கினார். ஓட்ஸ், கொட்டை, தேன் கலந்த இன்றைய வடிவம் 1960-களுக்குப் பிறகு பரவியது.

அம்மாவுக்கு அடுப்பில் செய்யும் முறை. இது தாராளமாக முடியும், சொல்லப்போனால் பாகு தெரிந்தவர்களுக்கு ஓவனை விட இது கைக்கு அடக்கமானது. ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வைக்கச் சொல்லுங்கள். ஓவனில் பாகு பூசிய பிறகும் காய்கிறது, அடுப்பு முறையில் பாகு ஊற்றிய பிறகு காய வழியில்லை. அதனால் எல்லாச் சாமானும் முன்னாலேயே நன்றாக வறுபட்டிருக்க வேண்டும், பாகும் முன்னாலேயே முற்றியிருக்க வேண்டும்.

கனமான வடச்சட்டியில் சிறு தீயில் ஓட்ஸைப் பத்து நிமிடம் வறுக்கச் சொல்லுங்கள். கையில் எடுத்து நொறுக்கினால் சத்தத்தோடு நொறுங்க வேண்டும். கடலை, முந்திரி, விதை, எள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக. சேர்த்துப் போட்டால் எள் கருகும்போது கடலை பச்சையாக இருக்கும். எல்லாம் ஒரு தாம்பாளத்தில் இளஞ்சூடாக இருக்கட்டும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சி, கடலைமிட்டாய்ப் பதம் வரவேண்டும். அதாவது தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருண்டு, எடுத்து ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும். இழுத்தால் ஜவ்வு மாதிரி வந்தால் இன்னும் ஒரு நிமிடம். பதம் வந்ததும் இரண்டு ஸ்பூன் நெய்யும் உப்பும் போட்டு, அடுப்பை அணைத்துச் சாமானைக் கொட்டி வேகமாகக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி அமுக்க வேண்டும். இந்த இடத்தில் நின்று யோசித்தால் சட்டியிலேயே இறுகிவிடும். குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். இந்தப் பாகு கொதிக்கிற தண்ணீரை விடப் பல மடங்கு மோசமாகச் சுடும், ஒட்டிக்கொண்டு கழலாது.

பதம் பார்ப்பது பயமாக இருந்தால் இளம் பாகையே ஊற்றி, வடச்சட்டியில் சிறு தீயில் பதினைந்து நிமிடம் விடாமல் கிளறினாலும் வரும். கட்டி கிடைக்காது, உதிரியாக இருக்கும், கை வலிக்கும்.

ஏர் ஃப்ரையரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கேட்பார்கள். 140 டிகிரி, பதினைந்து நிமிடம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட முடியும். காற்றில் செதில் பறந்து மேலே கம்பியில் ஒட்டித் தீயும். எனக்கு ஒத்துவரவில்லை.

கடைசியாக அவல். தாராளமாகப் போடலாம், உண்மையில் ரோல்டு ஓட்ஸுக்கும் அவலுக்கும் உறவு உண்டு. அது தானியத்தை ஆவியில் பதப்படுத்தித் தட்டையாக்கியது, இது நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்துத் தட்டையாக்கியது. ஆனால் கெட்டி அவலை எடுக்காதீர்கள். எண்ணெயில் பொரித்தால்தான் அது உப்பும், ஓவன் சூட்டில் வெறுமே காய்ந்து பல்லில் கல் மாதிரி படும். மெல்லிசு அவலாக இருக்க வேண்டும், சிவப்பரிசியில் கிடைத்தால் மணம் இன்னும் நன்றாக இருக்கும். முழுக்க அவல் என்றால் 150 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், பாகையும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். எனக்குப் பிடித்த கலவை பாதி ஓட்ஸ், பாதி கம்பு அவல். கம்பு வறுபடுகிற வாசனைக்கே பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒரே நேரத்தில் வறுபடாது என்பதால் ஓட்ஸ் பதினைந்து நிமிடம் காய்ந்த பிறகு அவலைக் கொஞ்சம் பாகில் புரட்டிச் சேர்த்துவிடுவேன். பொரி மட்டும் வேண்டாம். ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரி மிச்சம் இருக்கிறதே என்று ஒரு முறை கலந்தேன், டப்பாவில் முதலில் நமுத்தது அதுதான், மற்றதையும் கூட இழுத்துக்கொண்டு போனது.

சாப்பிடும்போது குளிர்ந்த பாலோ கெட்டித் தயிரோ ஊற்றிக்கொள்ளுங்கள். சுடுபால் ஊற்றினால் ஒரே நிமிடத்தில் கஞ்சியாகிவிடும், வெல்லம் இருப்பதால் சில சமயம் பால் திரிந்தும் போகும். அளவு ஒரு கைப்பிடி, 40 கிராம். மேலே சொன்ன அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் அதில் 200 கலோரிக்குக் கொஞ்சம் கூடக்குறைய வரும், வெல்லம் மட்டும் ஒன்றரை டீஸ்பூன் போல. என் அத்தைக்குச் சர்க்கரை உண்டு, அவருக்கு வெல்லமே இல்லாமல் எண்ணெயும் உப்பும் கறிவேப்பிலையும் மிளகும் போட்டு ஒரு தட்டு தனியாகச் செய்கிறேன். அதை அவர் கிரானோலா என்று சொல்வதில்லை, மிக்சர் என்றுதான் சொல்கிறார்.